காய்ந்த தரையில் விழுந்தவன்

பிப்ரவரி 11, செவ்வாய்

மேம்பாலத்தைத் திறந்த மூன்றாம் நாளே விரிசல் என்று மூடினார்களே, அந்த வாரம்தான் என் இடுப்பு முறிந்தது. பெரிய சந்தை எரிந்து ஒரு மாதம் கழிந்திருந்தது. எங்கள் தெருவில் குழாய் பதிக்க வெட்டிய பள்ளம் இன்னும் மூடப்படவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் என்னைப் பலகையோடு தூக்கிக்கொண்டு பள்ளத்தைத் தாண்டித்தான் வண்டிக்குப் போனார்கள். பாலம் மூடியிருந்ததால் வண்டி ஊரைச் சுற்றிப் போனது. எழுத்துத் தெரியாதவனுக்கு வருஷம் எண்ணாக நிற்காது, நடந்ததாகத்தான் நிற்கும்.

ஆஸ்பத்திரியில் வயது கேட்டார்கள். பெரிய வெள்ளத்துக்கு மறுவருஷம் பிறந்தவன் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பெண் என் மகனைப் பார்த்தாள். அவன் எழுபத்தெட்டு என்றான்.

இதை எழுதுவதும் நான் இல்லை. நான் பேசுகிறேன், மகனுடைய பழைய போன் எழுதிக்கொள்கிறது. நடக்கப் பழக்க வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வரும் பிசியோ பெண் செய்த ஏற்பாடு. "தெனமும் எத்தன அடி நடந்தீங்க, எங்க வலிச்சுது, மனசுல என்ன ஓடுச்சு, எல்லாத்தையும் சொல்லி வைங்க தாத்தா. வேற யாரும் பாக்க மாட்டாங்க, நானும் பாக்க மாட்டேன்" என்றாள். வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் போன் உளறிக் கொட்டுமாம். வானொலியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்திப் பேசினால் ஒழுங்காக எழுதுமாம். அதற்கென்ன, பேசிவிட்டுப் போகிறேன். பாய்லர் அறையில் முப்பத்தாறு வருஷம் எனக்குத் துணை அந்தச் செய்தி வாசிக்கிறவர்தான்.

துணி ஆலையில் பாய்லர் பார்த்தவன் நான். எழுத்துத்தான் தெரியாதே தவிர எண் தெரியும். ஆவி அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளைப் பார்த்துக் கற்ற எண். அந்த முள்ளைச் சிவப்புக் கோட்டைத் தொட விட்டதில்லை. இப்போது என் கையிலேயே பட்டையைச் சுற்றி அளக்கிறார்கள். காலையில் மேலே நூற்று முப்பத்தாறு, கீழே எண்பது. வாக்கரைப் பிடித்து நான்கு அடி.

வலது தொடை எலும்பு, இடுப்போடு சேருகிற இடத்தில் முறிந்தது. உள்ளே ஒரு ராடு விட்டுத் திருகு போட்டிருக்கிறார்கள். ஒட்ட நாலு மாதம் என்றார்கள். பாலத்துக்கு ஆறு மாதமாம்.

பிப்ரவரி 13, வியாழன்

ஆறு அடி. வேறு சொல்ல ஒன்றும் இல்லை. இருக்கிறது, வாய் வரவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

மகன் வீட்டில் இருந்தான். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவன் அவன். அப்பன் சூட்டில் பிழைத்தான், மகன் குளிரில் பிழைக்கிறான் என்று அவன் அம்மா இருந்தவரை சிரிப்பாள். என் கட்டிலை முன்னறையில் போட்டிருக்கிறார்கள். நான் கண்ணை மூடினால் தூங்கிவிட்டேன் என்று அவனும் மருமகளும் நினைத்துக்கொள்கிறார்கள்.

"நடைவழில ஏன் தண்ணிய சிந்தறே? ஒரு தடவ பட்டது போதாதா?"

"சிந்தல. கை அலம்பினேன்."

"அன்னிக்கும் இப்படித்தான் சொன்னே. காஞ்சு கெடந்துச்சுன்னு."

"காஞ்சுதான் கெடந்துச்சு."

"பின்ன அவருக்கு என்ன வேண்டுதலா, சும்மா விழறதுக்கு?"

மருமகள் துணியை எடுத்து, ஈரமே இல்லாத இடத்தைத் துடைக்கிற சத்தம் கேட்டது.

சரி. இந்தப் போனுக்காவது சொல்கிறேன். வாங்கி வைத்துக்கொள்ளட்டும். வாய் இருந்தும் திருப்பிச் சொல்லாத சாதி இது.

அன்று இரண்டு பேருக்கும் லீவு. காலையில் மருமகள் கொடுத்த பிரஷர் மாத்திரையை விழுங்கினேன். பதினோரு மணிக்கு நெற்றிப்பொட்டு இரண்டும் சுட்டது. காதுக்குள் உஸ் என்று ஒரு சத்தம். பாய்லர் முனகினால் வால்வைத் தொட்டு ஆவியை விடு என்பதுதான் மேஸ்திரி எனக்குச் சொன்ன முதல் பாடம். என்னிடம் ஒரு அட்டை மாத்திரை இருந்தது. மருந்துக்கடையில் காலி அட்டையைக் காட்டி நானே வாங்கி, வானொலிப் பெட்டியின் பின்னால் பேட்டரி போடும் குழியில் வைத்திருந்தது. அதில் ஒன்று போட்டேன். சாப்பிட்ட பிறகும் சத்தம் நிற்கவில்லை. இன்னொன்று போட்டேன். மூன்றரை மணிக்கு கேஸ் சிலிண்டர்காரர் மணி அடித்தார். விசுக்கென்று எழுந்தேன். ஆலையில் மின்சாரம் போனால் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் அணையுமே, அப்படி இருட்டியது. அவ்வளவுதான்.

கண் திறந்தபோது உள்ளங்கை தரையில் இருந்தது. சூடும் ஈரமும் பார்த்தே பழகிய கை அது. தரை காய்ந்திருந்தது. அவள் துடைத்து அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மகன் ஓடி வந்து, "தரை தொடைச்சிருக்கா. வழுக்கிருச்சாப்பா?" என்று கேட்டான். நான் தலையை ஆட்டினேன். ஒரே ஒரு தடவை. ஆம்புலன்ஸ் பெண் என் கையில் பட்டை சுற்றிப் பார்த்து, "தொண்ணூறுதான் இருக்கு" என்றாள். என்னைத் தவிர ஒருவர் காதிலும் அது விழவில்லை. ஆஸ்பத்திரி போவதற்குள் வலியில் அது இருநூறைத் தொட்டுவிட்டது. இறங்கும்வரை இரண்டு நாள் கத்தி வைக்க மாட்டோம் என்றார்கள்.

ஏன் ஆட்டினேன்? போன வருஷம் நானாக மாத்திரை போட்டுக்கொள்கிறேன் என்று கண்டுபிடித்தபோது மகன் சொன்னான்: "இன்னொரு தடவ இந்த வேலை செஞ்சீங்கன்னா முதியோர் இல்லம்தான்ப்பா. அங்க நர்ஸ் கையால எண்ணிக் குடுப்பாங்க." அதுதான் காரணமா? அதுவும்தான். பாய்லர்காரன் தன் வால்வைத் தானே பிடுங்கிக்கொண்டு விழுந்தான் என்று ஊர் சிரிக்குமே, அதுவும்தான்.

பிப்ரவரி 20, வியாழன்

எழுந்து நின்றாலே கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது. இத்தனைக்கும் இப்போது அவள் கொடுக்கிற மாத்திரை மட்டும்தான். பிசியோ பெண்ணிடம் கால் வலி என்று சொன்னேன். தலை சுற்றுகிறது என்றால் கேள்வி கேட்பாள். கேள்வி ஒன்று வந்தால் அதன் வாலைப் பிடித்து இன்னொன்று வரும்.

"வலி பொறுத்துக்கிட்டு காலை ஊணுங்க தாத்தா. பயந்தா நடக்க முடியாது."

"பயமா? எனக்கா? ஏம்மா, நெருப்புக்கு முன்னாடி நின்னவன் நான்."

"அப்ப நில்லுங்க பாப்போம்."

பத்து எண்ணுவதற்குள் உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

கண்டக்டர் போனில் வந்தார். எலும்பு வார்டில் ஆறு படுக்கை. ஆறிலும் இடுப்பு முறிந்த கிழங்கள். எனக்குப் பக்கத்துப் படுக்கை இவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வலி ஊசியின் மப்பில் ஒரு மத்தியானம் இவரிடம் மட்டும் உண்மையைக் கொட்டிவிட்டேன். அன்றிலிருந்து விடாக்கண்டன்.

"யோவ் பாய்லரு, சொல்லிட்டியா?"

"எதை?"

"எதையா? டிக்கெட் எடுக்காம ஏறினவன் மாதிரி முழிக்காத. மருமககிட்ட சொல்லிட்டியா?"

"சமயம் வரல."

"சமயம் என்ன பஸ்ஸாய்யா, உன் வாசல்ல வந்து நின்னு ஏத்திக்கிட்டுப் போக? அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரில உன் காலடில உக்காந்து அழுதுச்சு. நீ கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தே. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

இருமினார். இருமல் நிற்க நேரமானது. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதாம். படுத்தே கிடந்தால் அப்படித்தானாம். "அதான் சொல்றேன், நீயாவது எந்திரிச்சு நட" என்றார்.

மார்ச் 1, சனி

எட்டு அடி. போன வாரமும் எட்டு.

மார்ச் 7, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகனுக்கு வேலை, மருமகள்தான் கூட வந்தாள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, எலும்பு டாக்டர் மூக்கு முட்டுகிற மாதிரி கிட்டப் போய்ப் பார்த்தார். பாய்லர் பரிசோதகர் இப்படிப் பார்த்தால் தகட்டில் எங்கோ விரிசல் என்று எங்களுக்குத் தெரியும்.

"பெரியவரே, இந்நேரம் முறிஞ்ச எடத்துல மேகம் மாதிரி வெள்ளையா தெரியணும். உங்களுக்கு இன்னும் கோடு கோடாவே இருக்கு."

"ஏன் டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"வயசு ஒண்ணு. ரொம்ப வருஷமா பிரஷர் இருக்கிறவங்களுக்குச் சுண்ணாம்புச் சத்து சிறுநீரோட போய்க்கிட்டே இருக்கும், அது ஒண்ணு. ஆனா முக்கியமா இவரு காலை ஊணவே மாட்டேங்கறாரு. பாரம் எறங்கினாத்தான் எலும்பு வேலை செய்யும். இப்படியே போனா ராடுதான் எல்லா பாரத்தையும் சுமக்கும். ராடு எத்தன நாள் தாங்கும்?"

பிறகு பிரஷர் டாக்டர் அறை. சின்ன வயது, பொறுமையான மனுஷன். என் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "விழறதுக்கு முன்னாடி தலை சுத்துச்சா? கண்ணு இருட்டுச்சா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "நான் தரை தொடைச்சிருந்தேன் டாக்டர். வழுக்கிட்டாரு."

அவள் வாயாலேயே. ஒன்றரை மாதம் முன்னால் காய்ந்துதான் கிடந்தது என்று சத்தியம் செய்தவள். எல்லோரும் சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டாள். நானும் கண்டக்டர் சொன்ன மாதிரி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் தலையாட்டிவிட்டு, "அப்ப மாத்திரை அதே அளவு இருக்கட்டும்" என்று எழுதினார்.

வரும் வழியில் ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் என் தொடைக்கு அடியில் தன் கையை வைத்துக்கொண்டே வந்தாள்.

மார்ச் 10, திங்கள்

அவள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து முதலாளியம்மா வந்திருந்தார்கள். ஃபிரேமுக்குத் தக்கபடி கண்ணாடியைத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. நகக்கண் அளவு பிசகினாலும் கண்ணாடி உடையும் என்பாள். நான் விழுந்த மறுநாள் லீவு போட்டவள், இன்னும் திரும்பவில்லை.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்மா. அதுக்கு மேல வேற ஆள்தான் வைக்கணும்."

"வச்சுக்கோங்கக்கா. என்னால வந்த வினை. மாமா நடக்கற வரைக்கும் நான் எங்க வர்றது?"

அவர்கள் போன பிறகு, கழுவிய டம்ளரையே மறுபடி கழுவுகிற சத்தம் கேட்டது.

மார்ச் 15, சனி

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் கெட்டிக்காரனும் இல்லை, எட்டு நாள் எப்போதோ கழிந்தது. நான் புளுகவும் இல்லையே, தலையை ஆட்டினேன், அவ்வளவுதானே. இப்படிப் பேசி யாரை ஏமாற்றுகிறேன்? இந்தப் போனையா?

படுத்தால் புரள முடியவில்லை. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. நின்றால் சுற்றுகிறது. சொல்லிவிடலாம் என்று காலையில் இரண்டு தடவை கூப்பிட்டேன். "என்ன மாமா?" என்று வந்து நின்றாள். முதல் தடவை தண்ணீர் கேட்டேன். இரண்டாம் தடவையும் தண்ணீர்தான்.

மார்ச் 19, புதன்

கண்டக்டர் போய்விட்டார். அவர் மகள் போன் செய்தாள். நெஞ்சுச் சளி முற்றி, நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாராம். "உங்களத்தான் மாமா கேட்டுக்கிட்டே இருந்தாரு. பாய்லரு எறங்க வேண்டிய எடத்துல எறங்கிட்டானான்னு. என்னன்னு எங்களுக்குப் புரியல" என்றாள்.

எனக்குப் புரிந்தது. உண்மை தெரிந்த இன்னொரு ஆள் இல்லை இனி. இதற்கு நியாயமாக மனசு லேசாக வேண்டும். ஆகவில்லையே. ஏன்?

மார்ச் 22, சனி

போனை மடியில் வைத்துப் பேசுகிறேன். காலை பத்து மணி இருக்கும். தபால்காரர் கூப்பிட்டார், பழைய புத்தி, விசுக்கென்று எழுந்துவிட்டேன். இருட்டியது. வாக்கர் ஒருபக்கம் போச்சு. அவ எங்கேருந்து வந்தாளோ தெரியல, என்னை வாரிப் பிடிச்சா. ரெண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம், அவ கீழ, நான் மேல. என் இடுப்பு அவ மடியில. அவ மணிக்கட்டு என் எடைக்குக் கீழ மடங்கிப் போச்சு.

என் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் செய்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. என்னைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்ததும், தன் கையைக்கூடப் பார்க்கவில்லை. தரையைத் தடவிப் பார்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மண்டியிட்டு, உள்ளங்கையால்.

"ஒரு வாரமா நான் ஈரத் துணியே போடல மாமா. காஞ்ச துணிதான். சத்தியமா இன்னிக்கு நான் தொடைக்கவே இல்ல மாமா."

என்னிடம் கணக்கு ஒப்பிக்கிறாள். என்னிடம்.

மார்ச் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்ட தட்டுகள் மேசையில் இருக்கும்போதே இரண்டு பேரையும் உட்காரச் சொன்னேன். அவள் மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தது. வானொலிப் பெட்டியைக் கொண்டு வரச் சொல்லி, பின்மூடியைத் திறந்து, அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். பத்தில் ஆறு காலி.

"அன்னிக்கு நான் வழுக்கல. தரை காஞ்சுதான் இருந்துச்சு. இதுல ரெண்டு எடுத்துப் போட்டேன். தலை சுத்தி விழுந்தேன். இப்பவும் நின்னா சுத்துது."

மகனுக்கு முதலில் புரியவில்லை. "என்னப்பா சொல்றீங்க? வழுக்கிருச்சான்னு கேட்டப்ப ஆமான்னீங்களே."

"தலைய ஆட்டினேன்."

அவள் அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடியில் கீறல் தேடுகிறவள் மாதிரி.

"எப்பலேருந்து தெரியும் மாமா?"

"விழுந்த நிமிஷத்துலேருந்து."

"டாக்டர் ரூம்ல நான் சொன்னப்பவும்?"

"தெரியும்."

"கடை அக்கா வந்தப்பவும்?"

"தெரியும்மா."

எழுந்தாள். ஒற்றைக் கையால் தட்டுகளை அடுக்கினாள். ஒரு தட்டுகூடச் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகன் பல்லைக் கடித்துக்கொண்டு, "நான் அன்னிக்கே சொன்னேன்ல. இல்லத்துல எடம் கேக்கறேன்" என்றான். அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது: "அவரு எங்கயும் போக வேண்டாம். மாத்திரை டப்பா இனிமே என் கைப்பைல இருக்கும். நாளைக்கே டாக்டர்கிட்ட தேதி கேளுங்க."

மகன் எழுந்து அடுப்படி வாசலில் போய் நின்றான். அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் சொன்னது கேட்டது. "அவரு சொன்னத நம்பினீங்க, அதுல தப்பில்ல. நான் சொன்னத ஏன் நம்பல?"

தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு தட்டு கழுவுகிற சத்தம். அவன் கழுவினான் போலிருக்கிறது, ஒரு டம்ளர் விழுந்தது.

மார்ச் 24, திங்கள்

பாரம் இறங்கும் என்பார்கள். அது இடம்தான் மாறியிருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

பிரஷர் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் படுக்க வைத்து அளந்தார்: நூற்று நாற்பத்தாறு. எழுந்து நிற்க வைத்து உடனே அளந்தார்: நூற்றுப் பன்னிரண்டு.

"பாருங்க, நின்னதும் முப்பத்துநாலு எறங்குது. ஆபரேஷன்ல ரத்தம் போயிருக்கு, ரெண்டு மாசமா படுக்கை வேற. பழைய அளவு மாத்திரை இப்ப உங்களுக்கு அதிகம். இத மொதல்லயே சொல்லியிருந்தா அப்பவே கொறச்சிருப்பேன் பெரியவரே. பிரஷர் ஏறினாலும் ஆபத்து, சடார்னு எறங்கினா அதவிட ஆபத்து."

ஒரு மாத்திரையைப் பாதியாக்கினார். இன்னொன்றை மாற்றினார். படுக்கையிலிருந்து எழுந்தால் காலைத் தொங்கப்போட்டு நூறு எண்ணிவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்றார்.

பாய்லரை அணைக்கும்போதும் நெருப்பைப் படிப்படியாகத்தான் குறைப்போம். திடீரென்று ஆற விட்டால் தகடு வெடிக்கும். முப்பத்தாறு வருஷம் இரும்புக்குப் பார்த்த பக்குவத்தை என் உடம்புக்குப் பார்க்கத் தெரியவில்லை எனக்கு.

ஏப்ரல் 1, செவ்வாய்

அவள் கண்ணாடிக் கடைக்குத் திரும்பிவிட்டாள். முதலாளியம்மா வேறு ஆள் வைத்திருக்கவில்லை. மணிக்கட்டுப் பட்டையோடுதான் போனாள்.

பகலில் நான் தனியே. மத்தியான மாத்திரையை மட்டும் ஒரு கிண்ணத்தில் வைத்து மூடிவிட்டுப் போகிறாள். நூறு எண்ணிவிட்டு நின்றேன். சுற்றவில்லை. மறுபடி உட்கார்ந்து, எண்ணி, நின்றேன். சுற்றவில்லை. இருபது அடி.

ஏப்ரல் 9, புதன்

"மாமா, மாத்திரை." "மாமா, சாப்பாடு வச்சிருக்கேன்." "மாமா, நான் கிளம்பறேன்."

ஒரு நாளைக்கு அவள் என்னிடம் பேசுவது இந்த மூன்று வாக்கியம்தான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. தட்டை இரண்டு கையாலும் வைக்கிறாள். நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். நான் உப்பில்லை என்று முனகினால் முன்பெல்லாம், "நாக்குக்கு வக்காலத்து வாங்காதீங்க மாமா" என்று ஒரு போடு போடுவாள். நானும் ஏதாவது சொல்வேன், ஒரு மணி நேரம் போகும். நேற்று வேண்டுமென்றே உப்பில்லை என்றேன். "டாக்டர் சொன்ன அளவு மாமா" என்றாள். அத்தோடு முடிந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது சாப்பாட்டுக்குச் சொன்னதில்லை போல.

ஏப்ரல் 18, வெள்ளி

எக்ஸ்ரே. மகன் கூட வந்தான். டாக்டர் விரலால் தொட்டுக் காட்டினார். மேகம் வந்திருக்கிறது. வெள்ளையாக, கிழிந்த பஞ்சு மாதிரி, கோட்டை மூடிக்கொண்டு. "தெனமும் நடக்கறீங்கன்னு எலும்பே சொல்லுது" என்றார்.

மகன் அங்கேயே அவளுக்குப் போன் செய்தான். "ஒட்டுதாம்" என்றான். அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "சந்தோஷம்னு சொன்னா" என்றான். வேறே? வேறொன்றும் இல்லையாம்.

மே 6, செவ்வாய்

வாக்கரை மூலையில் வைத்தாகிவிட்டது. கைத்தடி. வாசல் வரை போய், பள்ளம் மூடிய இடத்தில் நின்று திரும்பினேன். பிசியோ பெண் கை தட்டினாள். "நெருப்புக்கு முன்னாடி நின்னவராச்சே" என்று கிண்டல் வேறு.

நேற்று மருமகள் வேலை முடிந்து வரும்போது முகம் கழுவி, தலை வாரி உட்கார்ந்திருந்தேன், எதற்கென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். கேட்டேனே, மார்ச்சிலேயே, இரண்டு தடவை. "பரவால்ல மாமா" என்றாள் இரண்டு தடவையும். பரவாயில்லை என்கிற வார்த்தை ஒரு கதவு மாதிரி. சாத்தவும் அதுதான், திறக்கவும் அதுதான். அவள் எந்தப் பக்கம் நின்று சொல்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

மே 21, புதன்

நாற்பது நிமிஷம் நடை. பிரஷர் நூற்று முப்பத்திரண்டு, நின்றால் நூற்று இருபத்தாறு. எல்லா முள்ளும் சரியான இடத்தில் நிற்கிறது. வீடு மட்டும் ஆறிப்போன பாய்லர் மாதிரி இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

எலும்பு முழுக்க ஒட்டிவிட்டது என்று போன வாரம் டாக்டர் சொல்லிவிட்டார். ராடு உள்ளேயே இருக்கட்டும், இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார்.

இன்று சாயங்காலம் முன்னறைச் சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது. மேசை இழுப்பறையில் பேட்டரி இருந்தது. முக்காலியைப் போட்டேன். எண்ணிவிட்டுத்தான் ஏறினேன், நூறு அல்ல, நூற்றைம்பது. ஒரு கையில் கடிகாரம், ஒரு கை சுவரில். தடி கீழே. அப்போது பார்த்து அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

கைப்பை தரையில் விழுந்தது. ஓடி வந்து என் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தாள். மெதுவாக இறக்கினாள். நாற்காலியில் உட்கார வைத்தாள். வழக்கமான மூன்று வாக்கியத்தில் ஒன்றை எதிர்பார்த்தேன்.

"உங்களுக்கு அறிவிருக்கா மாமா? எழுவத்தெட்டு வயசுல முக்காலி மேல ஏறி என்ன சர்க்கஸா காட்டறீங்க? பாக்கறதுக்கு ஆளு வேற கெடையாது. உள்ள கெடக்கறது எலும்பா, இல்ல ஆலை இரும்புன்னு நெனச்சீங்களா? மணி தெரியாம என்ன குடி முழுகிப் போச்சு, ஏரோப்ளேனா பிடிக்கப் போறீங்க? இன்னொரு தடவ விழுந்தா நான் தூக்க மாட்டேன், சொல்லிட்டேன். அங்கயே கெடங்க. எண்ணிக்கிட்டே கெடங்க, நூறு எறநூறுன்னு."

"நூத்தம்பது எண்ணினேம்மா."

"வாய மூடுங்க."

மூடிக்கொண்டேன். அவள் நிறுத்தவில்லை. அடுப்படிக்குப் போயும் நிறுத்தவில்லை. தட்டு, கரண்டி, மூடி எல்லாம் சேர்ந்து சத்தம் போட்டன. மகன் வந்து, "என்னாச்சு?" என்று கேட்டான். "உங்கப்பாவக் கேளுங்க" என்று அவனுக்கும் ஒரு பங்கு விழுந்தது. இந்தப் போனில் பேசும்போதுகூட உள்ளே அவள் குரல் கேட்கிறது. இப்போது உப்பு டப்பாவுக்கு வந்திருக்கிறாள், நான் தொட்டேனாம். தொட்டேன்தான்.

என் வாழ்க்கையில் என்னை முகத்துக்கு நேரே திட்டியவர்கள் அதிகம் இல்லை. அம்மா திட்டுவாள், திட்டி முடிக்குமுன் அவளே சிரித்துவிடுவாள். நான் ஆலையில் சேர்ந்த வருஷம் போனாள். அண்ணன் வார்த்தை பேச மாட்டார், செருப்பைக் கழற்றிப் பார்ப்பார், அவ்வளவுதான். ரயில் விபத்து நடந்த வருஷம் அவரும் போனார். மேஸ்திரி, அவர் திட்டியதெல்லாம் இந்தப் போனில் ஏறாது. என் மனைவி நாற்பத்தோரு வருஷம் ஓயாமல் திட்டினாள், கடைசி வாரம் மட்டும் திட்டவில்லை, அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. பிறகு கண்டக்டர், இரண்டே மாதப் பழக்கம். மகன் திட்டுவதில்லை, புத்தி சொல்வான், அது வேறு.

அவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது என் மருமகள் ஒருத்திதான்.